சின்ன அலுமினிய போட்டுக்கு எத்தனை ஹெச்பி மோட்டார்? மொதல்ல பின்பலகையப் பாருங்க

அலுமினிய போட் ஒண்ணு கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்கற மொத கேள்வி, இதுக்கு எத்தனை ஹெச்பி போடலாம்ங்கறதுதான். கேட்டா ஆளுக்கு ஒரு நம்பர் சொல்வாங்க. ஒருத்தர் 9.9 தாராளம்பார், இன்னொருத்தர் 25 இல்லாம தண்ணில எறங்கவே கூடாதும்பார். ரெண்டு பேருமே அவங்கவங்க போட்ட மனசுல வச்சுட்டுதான் சொல்றாங்க, உங்க போட்ட அவங்க பாத்ததே இல்ல. நான் இங்க பேசறது 10 அடில இருந்து 16 அடி வரைக்கும் இருக்கற, பின்னாடி உக்காந்து கைப்பிடிய புடிச்சு ஓட்டற சாதா அலுமினிய போட்ட பத்தி. இந்த சைஸ்ல வேகத்த நெனச்சு மோட்டார் வாங்கினா தப்பாதான் முடியும், போட்டோட பின்பக்கம் எவ்ளோ தாங்கும்னு பாத்துதான் வாங்கணும்.

மொதல்ல போட்டுக்குள்ள ஒரு சின்ன தகடு இருக்கான்னு தேடுங்க, பெரும்பாலும் பின்பக்க உள்சுவத்துலயோ ஓட்டறவர் உக்கார்ற எடத்துக்கு கிட்டயோ ரிவெட் அடிச்சோ ஒட்டியோ இருக்கும். அமெரிக்காவுல 1972 நவம்பர்ல இருந்து 20 அடிக்கு கம்மியா இருக்கற, அடிப்பாகம் ஒண்ணே ஒண்ணா இருக்கற மோட்டார் போட்டுக்கெல்லாம் இந்த தகடு கட்டாயம். அதுல மூணு விஷயம் இருக்கும்: அதிகபட்ச ஹெச்பி, எத்தனை பேர், மொத்தம் எவ்ளோ எடை. ஐரோப்பாவுல விக்கற போட்டுல இருக்கற தகட்டுல ஆள் கணக்கும் எடையும் இருக்கும், கூடவே சி, டி மாதிரி ஒரு எழுத்தும் இருக்கும். டி-ன்னா 30 சென்டிமீட்டர் அலை வரைக்கும்தான், சி-ன்னா 2 மீட்டர் வரைக்கும். மோட்டார் பவர் எவ்ளோ வரைக்கும் போடலாம்னு அந்த போட்டோட கையேட்டுல தேடுங்க. எழுத்து தேஞ்சு போயிருந்தா மாடல் நம்பர வச்சு கம்பெனிகிட்ட கேட்டா சில சமயம் கெடச்சிரும்.

தகட்டுல 15-ன்னு இருந்தா 15 வாங்கணும்னு அர்த்தம் இல்ல, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு மட்டும்தான் அர்த்தம். நெறைய பேர் தகட்ட பாக்கறதும் ஹெச்பிய படிச்சுட்டு மூடிடறாங்க, ஆனா எனக்கு அதுல முக்கியம் கடைசி வரிதான், மொத்த எடை. ஆளுங்க, மோட்டார், சாமான் எல்லாம் சேத்து அந்த எடை. அதாவது மோட்டாரோட எடையும் அதுக்குள்ளதான் வருது, மோட்டார் பெருசானா அந்த எடை ஆளுங்க பங்குல இருந்துதான் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். தகட்டுல மொத்தம் 320 கிலோன்னு இருக்கு. 9.9 மோட்டார் ஒரு 40 கிலோ, 12 லிட்டர் பெட்ரோலோட டேங்க் ஒரு 12 கிலோ, பேட்டரி 20, நங்கூரம் கயிறு துடுப்பு எல்லாம் 18, ஆக 90 கிலோ போச்சு. மிச்சம் 230, அதுல 75 கிலோ ஆளுங்க மூணு பேர் போலாம். இப்போ அதே போட்ல 25 ஹெச்பி மாட்டுங்க, மோட்டார் 60 கிலோவ தாண்டிடும், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும் அதனால 25 லிட்டர் டேங்க் வைப்பீங்க, அது ரொம்பினா 22 கிலோ வரும், மத்த சாமான் அதேதான். மொத்தம் 120 தாண்டிருச்சு. இனிமே ரெண்டு பெரியவங்களும் ஒரு சின்ன பையனும்தான் போகமுடியும். வேகம் கூடுச்சுன்னு சந்தோஷப்பட்டீங்க, ஒரு ஆள எறக்கி விட்டாச்சு.

இதுல இன்னொரு சிக்கல், பழைய போட் வாங்கறவங்க கவனிங்க. பழைய தகடெல்லாம் டூ ஸ்ட்ரோக் காலத்துல அடிச்சது. அப்போ 15 ஹெச்பின்னா 36 கிலோ பக்கம்தான், இப்போ ஃபோர் ஸ்ட்ரோக்ல அதே 15 ஹெச்பி 45, 50 கிலோ வருது. ஹெச்பி தகட்டுக்குள்ளதான் இருக்கு, ஆனா பின்பலகைல முன்ன இருந்தத விட 10 கிலோவுக்கு மேல ஏறிருச்சு. அதனால மோட்டார் வாங்கும்போது ஹெச்பிக்கு அடுத்து கேக்க வேண்டியது எடை, விலைகூட அப்பறம்தான்.

தகடே இல்லன்னா? அமெரிக்க கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல் படையோட விதில ஒரு கணக்கு இருக்கு, எந்த ஊர்ல இருந்தாலும் ஒரு அளவுகோலா வச்சுக்கலாம். போட்டோட நீளத்த அடில எடுங்க, மோட்டார் மாட்டற பின்பலகை, அதாங்க ட்ரான்சம், அதோட அகலம் எங்க அதிகமோ அங்க அடில எடுங்க, கைப்பிடி மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கறத சேக்காதீங்க. ரெண்டையும் பெருக்குங்க. 35 வரைக்கும் வந்தா 3 ஹெச்பி. 36-ல இருந்து 39-ன்னா 5, 40-ல இருந்து 42-ன்னா 7.5, 43-ல இருந்து 45-ன்னா 10, 46-ல இருந்து 52-ன்னா 15. அடி தட்டையா, ஓரம் கூர்மையா மடிஞ்ச ஜான் போட் மாதிரின்னா ஒரு படி கீழ எறங்கிக்கணும், அதாவது 15 வந்துச்சுன்னா 10. எதுக்குன்னா தட்டை அடி போட் வளைவுல வழுக்கிட்டே போய் திடீர்னு ஓரம் தண்ணில புடிச்சுக்கும், அந்த வெட்டுக்கு உள்ள இருக்கறவர் வெளிய போயிருவார்.

52-க்கு மேல போனா கணக்கு மாறுது. 14 அடி நீளம், ட்ரான்சம் நாலரை அடி அகலம்னு வைங்க, பெருக்கினா 63. கைப்பிடில ஓட்டற, தட்டை அடி போட்டா இருந்தா அதுல பாதி எடுத்து 15-ஐ கழிக்கணும், 16.5 வருது. அதே கைப்பிடி ஆனா வி வடிவ அடின்னா 0.8-ஆல பெருக்கி 25-ஐ கழிக்கணும், 25.4 வருது. ஸ்டியரிங் வீல் வச்சு, ட்ரான்சம் உயரமும் 20 இஞ்சுக்கு கொறையாம இருந்தா ரெண்டால பெருக்கி 90-ஐ கழிக்கணும், 36 வருது. விதிப்படி அடுத்த அஞ்சோட மடங்குக்கு மேல ஏத்திக்கலாம், அதாவது 16.5 வந்தா 20, 25.4 வந்தா 30, 36 வந்தா 40. நான் ஏத்த மாட்டேன், எறக்குவேன். 25.4 வந்தா எனக்கு அது 25-தான். அந்த கணக்குக்கு உங்க போட்டோட வயசு தெரியாது, எத்தனை தடவ பாறைல மோதுச்சு, எத்தனை ரிவெட் தளந்திருக்குன்னும் தெரியாது. அப்பறம் இன்னொண்ணு, ஸ்டியரிங் வச்சா 36 கெடைக்குதேன்னு பழைய 14 அடி போட்ல ஸ்டியரிங் வீல மட்டும் மாட்டிட்டு 40 ஹெச்பிய தொங்க விடறவங்க இருக்காங்க, ஸ்டியரிங் வச்சா ஓட்டறவர் கொஞ்சம் முன்னாடி வருவார், அவ்ளோதான், ட்ரான்சம் அதே பழைய ட்ரான்சம்தான்.

சரி, கூட போட்டா அப்படி என்னதான் ஆகிடும்னு கேட்டா, என் கதைய சொல்றேன். 14 அடி போட், தகட்டுல 20. என்கிட்ட சும்மா கெடந்த 30 ஹெச்பிய மாட்டினேன், 10 தானே ஜாஸ்தின்னு ஒரு அலட்சியம். கண்ணாடி மாதிரி தண்ணி, நல்ல வேகத்துல போயிட்டு இருக்கோம், முன்னாடி உக்காந்தவர் தொப்பி பறந்துருச்சு. சட்டுனு த்ராட்டில மூடிட்டேன். போட் நின்னுருச்சு, ஆனா போட் பின்னாடி வந்துட்டு இருந்த அதோட சொந்த அலை நிக்கல. அது வந்து ட்ரான்சம் மேல ஏறி உள்ள விழுந்துச்சு, ரெண்டு பக்கெட் தண்ணி இருக்கும், பெட்ரோல் டேங்க் மெதக்க ஆரம்பிச்சுருச்சு. காத்து இல்ல, அலை இல்ல, நாங்களே உண்டாக்கின அலைலதான் முழுகப் பாத்தோம். பின்னாடி நான், மோட்டார், டேங்க், பேட்டரி எல்லாம் ஒரே எடத்துல குமிஞ்சு இருந்துச்சு, ட்ரான்சம் மேல்விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல மிச்சம் இருந்ததே அஞ்சாறு இஞ்சுதான். அன்னைக்கு சாயங்காலமே அந்த மோட்டார கழட்டிட்டேன்.

தண்ணி ஏறறது ஒண்ணு. இன்னொண்ணு, பெரிய மோட்டார ஒரே திருகுல முழு த்ராட்டில் கொடுத்தா முன்பக்கம், கடல்காரங்க அணியம்னு சொல்றது, அப்படியே வானத்த பாக்கும், தனியா ஓட்டும்போது முன்னாடி எடையும் இல்ல, எதிர்காத்து அடியில புகுந்தா லேசான போட் பின்பக்கமா மல்லாந்துரும். அப்பறம் கைப்பிடி. மோட்டார் பவர் ஏற ஏற கைப்பிடி ஒரு பக்கமா இழுக்கும், ஒரு நொடி கை நழுவினா போட் தானா வட்டம் போடும், வெளிய விழுந்த ஆள் மேலயே திரும்பி வரும்.

இதெல்லாம் அன்னன்னைக்கு கண்ணுக்கு தெரியற ஆபத்து. மெதுவா நடக்கறது ட்ரான்சத்துல. மோட்டார் போட்ட தள்ளறது ப்ரொப்பெல்லர் இருக்கற எடத்துல, ஆனா புடிச்சிட்டு இருக்கறது அரை மீட்டருக்கு மேல, மோட்டார ட்ரான்சத்தோட இறுக்கியிருக்கற ரெண்டு திருகுல, நடுவுல இருக்கறது ஒரு நெம்புகோல். ஒவ்வொரு தடவ த்ராட்டில் கொடுக்கும்போதும் மூடும்போதும் ட்ரான்சம் முன்னும் பின்னும் அசையுது. அலுமினியத்துக்கு இந்த அசைவு ஆகாது, இரும்பு மாதிரி சின்ன சின்ன அசைவ காலத்துக்கும் தாங்கிக்கற குணம் அதுக்கு கெடையாது, கொஞ்சமா அசைஞ்சாலும் எண்ணிக்கை கூடிட்டே போனா ஒரு நாள் விரிசல் விட்டே தீரும். மொதல்ல ட்ரான்சம் ரெண்டு மேல்மூலைல, அப்பறம் உள்பக்கம் முட்டுக்கொடுத்திருக்கற முக்கோண தகட்டோட வெல்டுல பாருங்க.

பழைய போட்டுன்னா மோட்டார் சைஸ் பேசறதுக்கு முன்னாடியே ட்ரான்சத்த சோதிச்சிருங்க. நெறைய போட்ல ரெண்டு அலுமினிய தகட்டுக்கு நடுவுல ப்ளைவுட்தான் இருக்கும், வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள மரம் ஊறி பிஸ்கட் மாதிரி ஆயிருக்கும். ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால தட்டிட்டே போங்க, டக் டக்னு கேக்கறது ஒரு எடத்துல பொத் பொத்னு மாறினா அங்க மரம் செத்துருச்சு. மோட்டார் மாட்டியிருந்தா அதோட கால் பகுதிய புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, மோட்டாரோட சேந்து ட்ரான்சமும் வளைஞ்சா அந்த போட்டுக்கு இப்போதைக்கு எந்த ஹெச்பியும் பாதுகாப்பு இல்ல, மரத்த மாத்தற வரைக்கும். மாத்தும்போது பூச்சி அரிக்காம இருக்க தாமிர மருந்து ஏத்தின ப்ளைவுட் போடாதீங்க, நல்லதுன்னு நெனச்சுதான் போடுவாங்க, ஆனா ஈரம் பட்டா அந்த தாமிரம் அலுமினியத்த அரிச்சு தின்னுரும். சாதா மெரைன் ப்ளைவுட்ட எபாக்சில நல்லா மூடி போடுங்க.

இவ்ளோ பயமுறுத்தினதால ரொம்ப சின்ன மோட்டாரா வாங்கிடாதீங்க, அதுவும் ஆபத்துதான். எதிர்காத்து அடிக்கும்போது, ஆத்து ஓட்டத்துக்கு எதிரா வரும்போது, கரை கண்ணு முன்னாடி இருந்தும் போட் நகராம நிக்கறது வேடிக்கை இல்ல. இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். தண்ணிய கிழிச்சுட்டு போற வரைக்கும் இந்த நீளத்துல எந்த போட்டும் மணிக்கு 8, 9 கிலோமீட்டர் வேகத்த சுலபமா தாண்டாது, அது நீளத்தால வர்ற எல்லை. 4 ஹெச்பியோ 6 ஹெச்பியோ அதுக்கு போதும். அந்த எல்லைய தாண்டணும்னா போட் எழும்பி தண்ணி மேல சறுக்கணும், பிளேனிங்னு சொல்றது, அதுக்கு ஜாஸ்தி பவர் வேணும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா முன்பக்கம் தூக்கிட்டு, பின்பக்கம் குழில உக்காந்துட்டு, பெட்ரோல மட்டும் குடிச்சிட்டு போகும், முன்னாடி என்ன வருதுன்னே தெரியாது.

பிளேனிங்குக்கு நான் கையாளற தோராய கணக்கு, போட் ஆள் மோட்டார் சாமான் எல்லாம் சேத்த மொத்த எடைய ஹெச்பியால வகுத்தா ஒரு ஹெச்பிக்கு 20 கிலோ பக்கம் வரணும். 30 தாண்டினா எழும்பாது, நடுவுல இருந்தா ஆள் முன்னாடி நகந்து உக்காந்தா எழும்பும். போட் 90 கிலோ, மோட்டார் 45, ரெண்டு ஆள் 150, சாமான் 50, மொத்தம் 335. 15 ஹெச்பின்னா 22, எழும்பிரும். 9.9-ன்னா 34, எழும்பாது. அதே 9.9-ல ஒரு ஆள் மட்டும் போனா 26, மெதுவா எழும்பும். அதனால எப்பவும் தனியா போறவரா, ரெண்டு பேரா போறவரான்னு உங்களுக்கு நீங்களே உண்மைய சொல்லிக்கோங்க. அமைதியான ஏரில தூண்டில் போடத்தான்னா 6 ஹெச்பி போதும், 25 கிலோ சில்லறைல முடிஞ்சிரும், ஒத்த கைல தூக்கிட்டு போலாம். மலை மேல இருக்கற ஏரின்னா கொஞ்சம் கூட வச்சுக்கோங்க, ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் எஞ்சின் 3 சதவீதம் பக்கம் பலம் இழக்கும்.

9.9-னு ஏன் ஒரு விநோத நம்பர்னு யோசிச்சிருப்பீங்க. நெறைய எடத்துல 10 ஹெச்பிக்கு கீழ இருக்கற மோட்டாருக்குத்தான் அனுமதி, அதுக்காக செஞ்சது. சில கம்பெனில 9.9-உம் 15-உம் ஒரே எஞ்சின் பிளாக்தான், அங்க எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால தகட்டுல 15 இருந்து, உங்க தண்ணிலயும் தடை இல்லன்னா அந்த மாதிரி கம்பெனில 15 எடுங்க, 9.9 எடுத்து எடைல ஒண்ணும் மிச்சம் பிடிக்க முடியாது. 20-க்கும் 25-க்கும் நடுவுல மாடலுக்கு மாடல் நெறைய வித்தியாசம் இருக்கு, அங்க எடை பட்டியல பாத்துதான் முடிவு பண்ணணும். மூடி மேல ஸ்டிக்கர மட்டும் மாத்தி 15-ஐ 9.9-னு ஓட்டறவங்கள பத்தி நான் ஒண்ணும் சொல்லல, இன்சூரன்ஸ்காரர் சொல்லுவார்.

மின்சார மோட்டார்னா கணக்கே வேற, ஹெச்பி இல்ல, தள்ளுவிசை எத்தனை பவுண்டுன்னு போட்டிருக்கும். 55 பவுண்டு மோட்டார் 12 வோல்ட்ல 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதாவது 600 வாட், ஒரு ஹெச்பிகூட முழுசா இல்ல. காத்து இல்லாத ஏரிக்கு சரி, ஓட்டம் இருக்கற ஆத்துக்கு அத மட்டும் நம்பாதீங்க.

ஹெச்பி முடிவு பண்ணிட்டு மோட்டார் தண்டோட, அதாவது ஷாஃப்ட்டோட நீளத்துல கோட்டை விடறவங்க அதிகம். ட்ரான்சத்தோட நடுவுல, மோட்டார் உக்கார்ற மேல்விளிம்புல இருந்து அடிப்பாகம் வரைக்கும் நேரா அளங்க. 15 இஞ்ச் பக்கம்னா ஷார்ட் ஷாஃப்ட், 20 பக்கம்னா லாங். ப்ரொப்பெல்லருக்கு மேல தட்டையா ஒரு தகடு இருக்கும்ல, அது போட்டோட அடிக்கு சமமாவோ ஒரு இஞ்ச் கீழயோ வரணும். மேல ஏறிருச்சுன்னா வளைவுல காத்த இழுத்து எஞ்சின் சும்மா கத்தும், ரொம்ப எறங்கிருச்சுன்னா நான் சொன்ன நெம்புகோல் இன்னும் நீளமாகும், ஆழமில்லாத எடத்துல தரையும் தட்டும்.

மோட்டார் வாங்கறதுக்கு முன்னாடி செலவே இல்லாம ஒரு சோதனை இருக்கு. 20 லிட்டர் தண்ணி கேன் ரொம்பினா 20 கிலோ. வாங்க நெனைக்கற மோட்டாருக்கும் டேங்குக்கும் பேட்டரிக்கும் சமமா கேன எண்ணி, ஆழம் இல்லாத தண்ணில போட்ட விட்டு, ட்ரான்சத்த ஒட்டி அடுக்குங்க. நீங்க ஓட்டற எடத்துல உக்காருங்க, வழக்கமா வர்றவரும் அவர் எடத்துல உக்காரட்டும். கரைல இருந்து ஒருத்தர் பாத்து, ட்ரான்சத்தோட ரொம்ப தாழ்வான எடத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்ளோ இருக்குன்னு சொல்லட்டும். ஒரு சாண்கூட இல்லன்னா நான் அந்த மோட்டார வாங்க மாட்டேன். டேங்கையும் பேட்டரியையும் நடுவுக்கு தள்ளி, அந்த கேன முன்னாடி நகத்தி மறுபடி பாருங்க, பல சமயம் ரெண்டு மூணு இஞ்ச் அப்படியே கெடச்சிரும். பெட்ரோல் ஹோஸ் கொஞ்சம் நீளமா வாங்கினா வேலை முடிஞ்சுது.

மாட்டும்போது திருக ரெண்டு பக்கமும் சமமா இறுக்குங்க, பத்து நிமிஷம் ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க, கட்டாயம் தளந்திருக்கும். ஒரு சங்கிலியோ கம்பிக்கயிறோ போட்டு போட்டோட கட்டி வைங்க. 20 ஹெச்பிக்கு மேலன்னா திருகு மட்டும் போதாது, ட்ரான்சத்த துளைச்சு போல்ட் போட்டு, துளைல சீலன்ட் அடைச்சிருங்க, இல்லன்னா அந்த துளை வழியாதான் ப்ளைவுட் ஊற ஆரம்பிக்கும். கில் ஸ்விட்ச், அதாவது நீங்க வெளிய விழுந்தா கயிறு இழுபட்டு எஞ்சின நிறுத்தற ஸ்விட்ச், அதோட கயிற கைலயோ லைஃப் ஜாக்கெட்லயோ மாட்டாம ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1-ல இருந்து இந்த ஸ்விட்ச் உள்ள, 26 அடிக்கு கம்மியான போட் பிளேனிங்ல போகும்போது இது சட்டம், சட்டம் இல்லாத எடத்துல ப்ரொப்பெல்லர் வேற மாதிரி சுத்தப் போறதில்ல.

மொத ஓட்டம் பாதி த்ராட்டில்ல, அலை இல்லாத காலைல. அப்பறம் முழு லோடோட முழு த்ராட்டில் கொடுத்து ஆர்பிஎம் பாருங்க, கையேட்டுல போட்ட எல்லைக்குள்ள, பெரும்பாலும் 5000-ல இருந்து 6000-க்குள்ள வரணும். அத எட்டலன்னா பெரிய மோட்டார் தேடறதுக்கு முன்னாடி ப்ரொப்பெல்லர் பிட்ச், அதாவது ஒரு சுத்துக்கு எவ்ளோ முன்னாடி போகும்ங்கற அளவு, அத ஒரு இஞ்ச் கொறச்சு பாருங்க, 200 பக்கம் ஏறும். த்ராட்டில மூடும்போது மூணு எண்ணி மூடுங்க, தொப்பி போனா போகட்டும். கரைக்கு வந்ததும் ட்ரான்சம் ஓரத்துல இருக்கற ரிவெட்ட ஒவ்வொண்ணா தொடச்சிட்டு மார்க்கரால சுத்தி வட்டம் போட்டு வைங்க. நாலஞ்சு ஓட்டத்துக்கு அப்பறம் வட்டத்துக்குள்ள கருப்பா கறை கசிஞ்சிருந்தா அந்த ரிவெட் அசையுதுன்னு அர்த்தம், மோட்டார கழட்டிட்டு அங்க இருந்து பாக்க ஆரம்பிங்க.